பின்னால் சுருக்கம் விழாத குயில்ட்: மூன்று அடுக்கையும் நூலோடிப் பிடிக்கும் முறை

புதிதாகக் குயில்ட் தைக்கப் பழகுகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "அக்கா, முன்பக்கம் நல்லாத்தானே வந்திருக்கு, பின்னால மட்டும் ஏன் இப்படிச் சுருக்கம் சுருக்கமா விழுது?" என்பதைத்தான். மெஷின் சரியில்லை, ஊசி சரியில்லை, நூல் மட்டமானது என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்படுவார்கள். பெரும்பாலும் மெஷினில் குறை இருக்காது. துணி மெஷினுக்குப் போகுமுன்னே முடித்திருக்க வேண்டிய ஒரு வேலை அரைகுறையாக நின்றிருக்கும்.

குயில்ட் என்பது மூன்று அடுக்குப் போர்வை. மேலே துண்டுகளை இணைத்துத் தைத்த மேல்துணி, நடுவில் வாடிங் என்கிற மெத்தென்ற விரிப்பு, கீழே அடித்துணி. தையல் மெஷினில் ஊசிக்குக் கீழே இருக்கும் பற்கள் அடித்துணியைத்தான் பிடித்துப் பின்னால் நகர்த்தும். மேலிருந்து அழுத்தும் கால், மேல்துணியை அதே வேகத்தில் போகவிடாது. நடுவில் வாடிங் மெத்தென்று இருப்பதால் இரண்டும் தனித்தனியே வழுக்கும். ஒவ்வொரு அங்குலத்திலும் மயிரிழை அளவுதான் வித்தியாசம் வரும். ஆனால் 45 அங்குலத் தையல் முடிகிற இடத்தில் அவ்வளவும் சேர்ந்து ஓர் அலையாகத் திரண்டு நிற்கும். குறுக்கே அடுத்த தையல் போகும்போது அந்த அலை மடிப்பாகிவிடும். மேல்துணியில் நடந்தால் கண்ணுக்குத் தெரியும், உடனே நிறுத்தலாம். அடித்துணியில் நடந்தால் திருப்பிப் பார்க்கும்வரை தெரியாது. அதனால்தான் மூன்று அடுக்கையும் முதலில் தற்காலிகமாக ஒன்றோடொன்று பிடித்து வைக்கிறோம்.

பெரிய பெரிய கைத்தையலாக நூலோடிப் பிடிக்கலாம், ஊக்குக் குத்தலாம், பசை ஸ்ப்ரே அடிக்கலாம். வீடியோக்களில் காட்டுவது பெரும்பாலும் அகலமான தரையில் துணியை விரித்து, முழங்காலில் நின்று ஊக்குக் குத்துகிற முறை. மலையகத்தில் நம் வீடுகளுக்கு அது பொருந்துவதில்லை. லயத்துக் காம்பராவில் கட்டிலும் அலுமாரியும் போக மிஞ்சுகிற தரையில் ஒரு குயில்ட் விரியாது. விரிந்தாலும் சீமெந்துத் தரையின் குளிரில் நெடுநேரம் முழங்காலில் நிற்க முடியாது. போதாததற்கு, சிவப்புப் பொலிஷ் போட்ட தரை என்றால் வெள்ளை அடித்துணியில் அந்தச் சிவப்பு ஏறிக்கொள்ளும். ஊக்குகளுக்கு நம் மழைக்காலம் எதிரி, துருப்பிடித்துவிடும். ஆகவே நான் சொல்வது மேசையும் நூலும். சாதாரணச் சாப்பாட்டு மேசை போதும், நூலும் ஊசியும் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. கொஞ்சம் நேரம் கூடப் பிடிக்கும், அவ்வளவுதான்.

அளவும் துணியும்

முதல் குயில்ட்டைக் கட்டில் அளவுக்குத் தொடங்காதீர்கள். 36 அங்குல அகலம், 45 அங்குல நீளம் உள்ள குழந்தைப் போர்வையில் பழகுங்கள். மேசையில் அடங்கும், மெஷினின் கழுத்துக்குள்ளும் சிரமமில்லாமல் சுருண்டு நுழையும்.

வாடிங்கும் அடித்துணியும் மேல்துணியைவிட நாலு பக்கமும் இரண்டரை அங்குலம் பெரிதாக இருக்க வேண்டும். தைக்கும்போது மேல்துணி சற்றே பரவும், விளிம்பில் பிடித்துக்கொள்ள இடமும் தேவை. அதாவது 36க்கு 45 என்றால் அடித்துணி 41க்கு 50. கடையில் கிடைக்கும் 45 அங்குல அகலப் பொப்ளினில் ஒன்றரை யார் (54 அங்குலம்) வாங்கினால் நடுவில் ஒட்டுப் போடாமலே வந்துவிடும். முதல் தடவை ஒட்டில்லாத அடித்துணியே நல்லது. ஒட்டுப் போட்டே ஆக வேண்டுமென்றால், தையலின் இரண்டு ஓரத்தையும் பிரித்துத் தட்டையாக ஸ்திரிக்கை போடுங்கள். ஒரே பக்கம் சாய்த்து விட்டால் அந்த இடம் தடித்து, அழுத்தும் கால் அங்கே தடுக்கும்.

பழைய சேலையை அடித்துணியாகப் போடலாமா என்று கேட்பார்கள். பருத்திச் சேலை என்றால் தாராளமாகப் போடலாம், தோய்த்துத் தோய்த்து இளகிய துணி குழந்தையின் உடம்புக்கு இதமாக இருக்கும். நைலெக்ஸ், ஜோர்ஜெட் மாதிரியான வழுக்குத் துணிகளை முதல் குயில்ட்டுக்குத் தொடவே வேண்டாம். எத்தனை வரிசை நூலோடினாலும் இடையில் நழுவிக்கொண்டே இருக்கும்.

துணி எதுவானாலும் ஒருமுறை தோய்த்துக் காயவைத்து வெட்டுங்கள். கார்மெண்ட் கட்பீஸ்களில் பல வகைத் துணி கலந்திருக்கும். ஒன்று சுருங்கும், இன்னொன்று சுருங்காது. சிவப்பு, கருநீலத் துண்டுகள் சாயம் விடுகின்றனவா என்று வெள்ளைத் துணியோடு நனைத்துப் பார்த்துவிடுங்கள்.

வாடிங் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நழுவலுக்குப் பாதிக் காரணம் அதுதான். கடையில் யார் கணக்கில் கிடைக்கும் பொலியெஸ்டர் வாடிங் இலேசானது, சீக்கிரம் காயும், மழைக்காலத்தில் அது பெரிய வசதி. ஆனால் தடித்த வாடிங் அதிகம் நழுவும். அரை அங்குலத்துக்கு மேல் பொங்கி நிற்கிற வகையை விட்டுவிட்டு, கையால் அழுத்தினால் தட்டையாகிற மெல்லிய வகையை எடுங்கள். பருத்தி வாடிங் கிடைத்தால் இன்னும் நல்லது. துணியோடு ஒட்டிக்கொண்டு நிற்கும், வழுக்காது. பாரமும் காய்வதற்கு எடுக்கும் நேரமும் கூடும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

வீட்டில் கிடக்கும் பழைய கம்பளியையோ போலார் போர்வையையோ நடுவில் வைக்கிறவர்களும் உண்டு. மெல்லிய போர்வை நன்றாகவே வேலை செய்யும். போலார் துணி ஒரு பக்கமாக இழுபடும். இழுத்துப் பார்த்து, அதிகம் இழுபடாத பக்கம் குயில்ட்டின் நீளவாக்கில் வருமாறு போடுங்கள். தோட்டத்துக் கம்பளி என்று நாம் சொல்கிற தடித்த கம்பளி வேண்டாம். வீட்டு மெஷினின் ஊசி அதில் திணறும், நனைந்தால் தூக்கவே முடியாது. தலையணைக்கு அடைக்கிற இலவம்பஞ்சையும் உதிரியாகப் பரப்பாதீர்கள். முதல் தோய்ப்பிலேயே மூலையில் திரண்டுவிடும்.

ஈரம்

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே அலுமாரியில் வைத்த துணிகூட மழை மாதங்களில் சில்லென்று ஈரமாகத்தான் கைக்கு வரும். ஈரத்தோடு இருக்கும் துணியை மேசையில் விறைப்பாக விரித்து நூலோடினால், காய்ந்தபின் அதன் அளவு மாறும். பருத்தி ஒரு விதமாக, பொலியெஸ்டர் வேறு விதமாக. பிறகு எங்கே இழுக்கிறது, எங்கே தொங்குகிறது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கம் இருப்பவர்களுக்கு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. பதுளை, பண்டாரவளை, பசறைப் பக்கம் டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் மழை. அந்த மாதங்களில் மேல்துணி ஒட்டுவேலையைச் செய்யுங்கள், அதற்கு வெயில் தேவையில்லை. அடுக்குப் பிடிக்கும் வேலையை வெயில் அடிக்கிற ஒரு நாளுக்கு ஒதுக்குங்கள். காலையிலேயே வாடிங்கையும் துணிகளையும் கொடியில் போட்டு, மதியம் பனிமூட்டம் இறங்குமுன் எடுத்து, அப்படியே வேலையைத் தொடங்கலாம். வட்டவளை மாதிரி மழை விடாத இடமென்றால், துணியை ஸ்திரிக்கைப் பெட்டியால் சூடுகாட்டி ஈரத்தைப் போக்குங்கள். பொலியெஸ்டர் வாடிங் மேல் மட்டும் சூடான பெட்டியை வைக்கக் கூடாது. உருகிப் பெட்டியில் ஒட்டும். அதை முதல் நாள் இரவே பிரித்துக் கட்டில்மேல் பரப்பி விட்டால் மடிப்புத் தடங்கள் தானாகப் போய்விடும்.

மேசையில் விரிப்பது

மேல்துணியை முதலில் கவிழ்த்துப் பாருங்கள். தொங்குகிற நூல்களையெல்லாம் வெட்டுங்கள். வெள்ளைத் துண்டுக்குக் கீழே ஒரு கறுப்பு நூல் கிடந்தால் குயில்ட் முடிந்தபின் நிழல் மாதிரித் தெரியும், எடுக்கவும் வழியிராது. மேல்துணிக்கும் அடித்துணிக்கும் சுருக்கமில்லாமல் ஸ்திரிக்கை போட்டுக்கொள்ளுங்கள். மூன்றும் ஒன்று சேர்ந்த பிறகு ஸ்திரிக்கைப் பெட்டிக்கு வேலை கிடையாது.

அடுத்தது நடுப்புள்ளி. மூன்றையும் தனித்தனியே நாலாக மடித்து, மூலை வரும் இடத்தில் தையற் சோக்கால் ஒரு புள்ளி வையுங்கள். நாலு விளிம்பின் நடுவிலும் சிறு கோடு போடுங்கள். மேசையின் நடுவையும் அளந்து, விளக்குமாற்று ஈர்க்கில் இரண்டு சிறு துண்டு ஒடித்து, கூட்டல் குறியாக அங்கே மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். துணி விரித்தபின் மேலிருந்து தடவினாலே அந்த ஈர்க்கு விரலில் தட்டுப்படும். மூன்று அடுக்கின் நடுவையும் கண்ணால் தேடாமலே அதன்மேல் கொண்டுவந்து வைக்கலாம். நல்ல பலகை மேசை என்றால் முதலில் ஒரு ஹார்ட்போர்ட் துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள். ஊசிமுனை மேசையைக் கீறிவிடும்.

அடித்துணியை நல்ல பக்கம் கீழே, உள்பக்கம் மேலே வருமாறு விரியுங்கள். நடுவைச் சரிபார்த்து, மேசையின் இரண்டு எதிர்ப்பக்க நடுவிலும் கிளிப் போடுங்கள். பேப்பர் கட்டுக்குப் போடுகிற கறுப்பு இரும்புக் கிளிப் மேசை விளிம்பைப் பிடிக்கும். அது சிறிதாக இருந்தால் டேப் ஒட்டுங்கள். பிறகு மற்ற இரண்டு பக்கத்தின் நடு, அதற்குப் பிறகுதான் மூலைகள். ஒரு மூலையில் தொடங்கி வரிசையாகப் பிடித்துக்கொண்டு போனால் துணி கோணலாகும்.

எவ்வளவு விறைப்பு வேண்டும்? புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். சுருக்கம் போகும் அளவுக்கு விறைப்பு, இழுபடும் அளவுக்குக் கூடாது. சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். ஒரு பக்கத்துக் கிளிப்பைக் கழற்றிப் பாருங்கள். துணி இருந்த இடத்திலேயே கிடந்தால் சரி. சட்டென்று உள்ளே ஓடினால் அதிகமாக இழுத்திருக்கிறீர்கள். கோடு போட்ட துணி என்றால் கோடுகள் நேராகப் போகின்றனவா, கிளிப்புக்குப் பக்கத்தில் வளைகின்றனவா என்று பார்த்தாலே போதும். இழுத்துப் பிடித்த அடித்துணி, கிளிப்பைக் கழற்றியதும் தன் அளவுக்குச் சுருங்கும். அப்போது மேல்துணி முழுக்கக் குமிழ் குமிழாக எழும்பும். அதை எந்த மெஷினாலும் சரிசெய்ய முடியாது.

வாடிங்கை இரண்டாக மடித்து, மடிப்பு நடுக்கோட்டில் வருமாறு வைத்துப் பிரியுங்கள். இதை இழுக்கவே கூடாது. இழுத்த இடம் மெலிந்து, பிறகு போர்வையில் அந்த இடம் மட்டும் குளிரும். உள்ளங்கையால் நடுவிலிருந்து வெளியே தட்டித் தட்டிச் சமப்படுத்துங்கள். வாடிங்குக்குக் கிளிப் தேவையில்லை.

மேல்துணியையும் நாலாக மடித்து, நடுப்புள்ளியை ஈர்க்கின் மேல் வைத்து, நல்ல பக்கம் மேலே வருமாறு ஒவ்வொரு மடிப்பாக விரியுங்கள். தூக்கி உதறிப் போட்டால் கீழே வாடிங் நகர்ந்துவிடும். நடுவிலிருந்து விளிம்புக்கு உள்ளங்கையால் நீவுங்கள். துண்டுகளின் தையல் கோடுகள் நேராக இருக்கின்றனவா என்று அடிமட்டம் வைத்துப் பாருங்கள். மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு அளவும் எடுத்து, இரண்டும் ஒன்றாக இருந்தால் சதுரம் சரி. கால் அங்குலம் வித்தியாசம் இருந்தால் குறுக்களவு நீளமாக வந்த மூலையை உள்ளே நீவிவிடுங்கள். இப்போதே ஐந்தாறு குண்டூசி நட்டு அசையாமல் நிறுத்திக்கொள்ளலாம்.

நூலோடுவது

ஊசி நீளமாக இருக்கட்டும். பொத்தான் தைக்கிற குட்டி ஊசியில் இந்த வேலை செய்தால் விரல் மரத்துப் போகும். நூல் வெள்ளையோ இளநிறமோ, மலிவான பருத்தி நூலே போதும். இது எப்படியும் பிய்த்தெடுக்கப் போகிற நூல். கடும் நிற நூலை வெள்ளைத் துணியில் ஓட்டினால் எடுத்தபின்னும் அதன் சாயத் துகள் ஓட்டையில் தங்கிவிடும். ஒற்றை இழை போதும், முடிச்சும் வேண்டாம்.

நடுவிலிருந்து தொடங்குவது இப்படி. ஒரு வரிசையின் முழு நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு நூலை வெட்டுங்கள். குயில்ட்டின் நடுவில் ஊசியை இறக்கி, நூலில் பாதியை அங்கேயே தொங்கவிட்டு, மற்றப் பாதியால் விளிம்புவரை ஓடுங்கள். விளிம்பில் ஒரே இடத்தில் இரண்டு தையல் போட்டு, மூன்று அங்குல வால் விட்டு வெட்டுங்கள். பிறகு தொங்கும் பாதியை ஊசியில் கோத்து, எதிர்ப்பக்க விளிம்புவரை ஓடுங்கள். முடிச்சு இல்லாமலே நடு இறுகி நிற்கும், சுருக்கம் இருந்தால் வெளியே தள்ளிக்கொண்டு போகலாம். விளிம்பிலிருந்து நடுவுக்குத் தைத்தால் அதே சுருக்கம் நடுவில் வந்து அடைபட்டுவிடும்.

தையல் மேலே ஓர் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரை, கீழே கால் அங்குலம். ஊசி மூன்று அடுக்கையும் கடந்து மேசையை 'டக்' என்று தொட வேண்டும். அந்தச் சத்தம் கேட்காவிட்டால் அடித்துணி பிடிபடவில்லை என்று அர்த்தம். ஊசியை மேலே கொண்டுவருவதுதான் சிரமம். இடது கையில் ஒரு தேக்கரண்டியை வைத்துக்கொள்ளுங்கள். ஊசிமுனை மேலே எட்டிப் பார்க்கும் இடத்தில் கரண்டியின் விளிம்பால் துணியை அழுத்தினால், முனை கரண்டிக் குழிக்குள் ஏறி வந்து நிற்கும், வலது கையால் தள்ளிவிடலாம். துணியைக் கையால் கிள்ளித் தூக்கத் தேவையில்லை. தூக்கினாலே கீழே அடுக்கு நகரும் என்பதால் இந்தக் கரண்டி வெறும் விரலுக்கான சௌகரியம் மட்டுமில்லை. நடுவிரலில் திம்பிள் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் நடுவில் நெடுக்கே ஒன்று, குறுக்கே ஒன்று. கூட்டல் குறி விழுந்ததும் குயில்ட் நாலு காற்பகுதியாகிவிடும். பிறகு நாலு அங்குல இடைவெளியில் நெடுக்கு வரிசைகள், நடுவிலிருந்து இடதும் வலதுமாக மாறி மாறி. அப்புறம் குறுக்கு வரிசைகள், அதே நாலு அங்குலம். கடைசியில் மேல்துணியின் விளிம்பிலிருந்து கால் அங்குலம் உள்ளே தள்ளி, சுற்றிவர ஒரு வரிசை. இந்தக் கடைசி வரிசையை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. மெஷினில் தைத்து விளிம்புக்கு வரும்போது கடைசி இரண்டு அங்குலம் அழுத்தும் காலுக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போவது அதனால்தான்.

ஒன்றைத் தொடங்குமுன்னே முடிவு செய்யுங்கள்: மெஷின் தையல் எந்தக் கோட்டில் போகப் போகிறது? தற்காலிக நூல் அதே கோட்டில் இருக்கக் கூடாது. மெஷின் தையல் அதன்மேல் ஏறிவிட்டால் பிய்த்தெடுக்கப் பாடுபட வேண்டும். நீண்ட தையல்கள் அழுத்தும் காலின் நுனியிலும் மாட்டிக்கொள்ளும். துண்டுகளின் தையல் ஓரமாகவே மெஷினை ஓட்டப் போகிறீர்கள் என்றால், நூலோட்டத்தைத் துண்டுகளின் நடுவே விடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் கிளிப்பைக் கழற்றிக் குயில்ட்டைக் கவிழ்த்துப் பாருங்கள். அடித்துணியை உள்ளங்கையால் நீவுங்கள். எங்காவது துணி திரண்டு கைக்குத் தட்டுப்பட்டால், அந்த வரிசையை மட்டும் உருவி மறுபடி ஓடுங்கள். பத்து நிமிட வேலை. விட்டுவைத்தால், மெஷின் தையலைப் பிரிக்க ஒரு மாலைப்பொழுது போய்விடும். மிஞ்சியிருக்கும் அடித்துணி விளிம்பை மேலே மடித்து, வாடிங்கை மூடிப் பெரிய தையலாகப் போட்டுவிட்டால் வாடிங் பிசிறாது, மெஷினிலும் மாட்டாது.

மேசையைவிடப் பெரிய குயில்ட்

கட்டில் அளவுக்கு வரும்போது இரண்டு வழி உண்டு. முதலாவது, நடுப்பகுதியை மேசையில் வைத்துப் பிடித்துவிட்டு, கிளிப்புகளைக் கழற்றி அடுத்த பகுதிக்கு நகர்த்துவது. ஒவ்வொரு தடவையும் அடித்துணியை மறுபடி விறைப்பாக்கிக் கிளிப் போட வேண்டும். ஏற்கனவே நூலோடிய பக்கத்தில் கிளிப் தேவையில்லை, தொங்குகிற பாரமே இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது, அமெரிக்கக் குயில்ட் கலைஞர் ஷாரன் ஷாம்பர் பரவலாக்கிய இரண்டு பலகை முறை. இடமில்லாத வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியாது. குயில்ட்டின் அகலத்தைவிடச் சற்று நீளமான, மூன்று நாலு அங்குல அகலமுள்ள இரண்டு தட்டைப் பலகை வேண்டும். தச்சரிடம் சொல்லிச் சீவி வாங்குங்கள், சிலாம்பு இருந்தால் துணியில் மாட்டும். ஒன்றில் மேல்துணியையும் மற்றதில் அடித்துணியையும் சுருக்கமில்லாமல் சுற்றுங்கள். விரிக்கும்போது மேல்துணியின் நல்ல பக்கம் மேலேயும், அடித்துணியின் நல்ல பக்கம் மேசையைப் பார்த்தும் வர வேண்டும். மேசையில் ஓர் அடி அகலத்துக்கு அடித்துணியைச் சுருளிலிருந்து விடுவித்து, அதன்மேல் வாடிங், அதன்மேல் மேல்துணி. அந்த ஓர் அடியை மட்டும் நீவி, நூலோடி, முடிந்த பகுதியை உங்களுக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளிவிட்டு, அடுத்த ஓர் அடியைச் சுருளிலிருந்து விடுவியுங்கள். பலகையின் பாரமே துணியை நேராகப் பிடித்துக்கொள்வதால் கிளிப்பும் டேப்பும் வேண்டியதில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே முழுக் கட்டில் குயில்ட்டையும் முடித்துவிடலாம். இஸ்தோப்பில் ஒரு நீட்டு வாங்கு இருந்தால் அதுகூடப் போதும். இந்த முறையில் நேர்க்கோட்டு நூலோட்டத்துக்குப் பதிலாக 'வி' வடிவில் வளைத்து வளைத்துப் போகிற தையல் இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும்.

ஊக்கும் ஸ்ப்ரேயும்

அவசரத்துக்கு ஊக்கு வேகமானதுதான். குயில்ட்டுக்கென்று முதுகு வளைந்த ஊக்குகள் உண்டு, அவை துணியைத் தூக்காமல் உள்ளே போய் வெளியே வரும். கிடைக்காவிட்டால் ஓர் அங்குல அளவுள்ள மெல்லிய ஊக்கு போதும். இடைவெளி நாலு அங்குலம் என்றால் 36க்கு 45 குயில்ட்டுக்குச் சுமார் நூறு ஊக்கு பிடிக்கும். பரப்பிய கையை எங்கே வைத்தாலும் ஓர் ஊக்காவது கைக்குக் கீழே அகப்பட வேண்டும். அதுதான் அளவு. எல்லாவற்றையும் முதலில் குத்திவிட்டுப் பிறகு ஒரேயடியாகப் பூட்டுங்கள். பூட்டுவதற்கும் அதே தேக்கரண்டிதான். தைக்கும்போது ஊசி பக்கத்தில் வருமுன் ஊக்கைக் கழற்றிவிடுங்கள். ஊக்கின் மேல் மெஷினை ஓட்டினால் ஊசி ஒடிந்து கண்ணுக்குத் தெறிக்கலாம்.

ஊக்குக் குத்திய குயில்ட்டை மழைக்காலத்தில் அப்படியே மடித்து வைக்கக் கூடாது. இந்த ஈரத்தில் ஊக்கைச் சுற்றிப் பழுப்பு வட்டம் விழ அதிக காலம் எடுக்காது. துருக்கறையைத் தேசிக்காய்ச் சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் வைத்தால் வெள்ளைத் துணியில் ஓரளவு போகும், சாயத் துணியில் சாயமும் சேர்ந்து போகும். ஊக்குக் குத்தினால் அந்த வாரத்திலேயே மெஷின் தையலை முடித்துவிடுங்கள். பிள்ளைகள், தோட்டத்து வேலை, சமையல் என்று நடுவில் நின்று நின்று தைக்கிறவர்களுக்கு நூலோட்டம்தான் நிம்மதி. மாதக்கணக்கில் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது.

பசை ஸ்ப்ரே கிடைத்தால், துணிக்கென்று செய்த தற்காலிகப் பசை என்று டப்பாவில் எழுதியிருக்கிறதா பாருங்கள். வாடிங் மேல்தான் இலேசாக அடிக்க வேண்டும். அது எளிதில் தீப்பற்றும். விறகடுப்பு எரிகிற வீட்டுக்குள், குளிருக்காக ஜன்னலை மூடி வைத்துக்கொண்டு அடிப்பது ஆபத்து. வெளியே வைத்து அடியுங்கள்.

மெஷினுக்குப் போகும்போது

மிஞ்சிய துணியிலும் வாடிங்கிலும் ஒரு சாண் சதுரத்துக்கு அதே மூன்று அடுக்கைச் செய்து, அதில் முதலில் தைத்துப் பாருங்கள். 14ஆம் நம்பர் ஊசி, தையல் நீளம் 3 மில்லிமீற்றர் அளவு. மேல் அடுக்கையும் சேர்த்து நகர்த்துகிற வோக்கிங் ஃபூட் என்ற கால் ஒன்று விற்கிறார்கள். உங்கள் மெஷினுக்குப் பொருந்துவது கிடைத்தால் வாங்குங்கள், நேர்க்கோட்டுத் தையலுக்கு அது பேருதவி. இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சிங்கர் நிறுவனம் இலங்கைக்கு வந்தது 1877இல். அதன் பழைய கறுப்புக் கால் மெஷின்கள் மலையகத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் அழுத்தும் காலுக்கு நேர் மேலே ஒரு திருகு இருக்கும். அதை மெல்லத் தளர்த்தினால் காலின் அழுத்தம் குறையும், மேல்துணி தள்ளப்படுவதும் குறையும். மாதிரித் துண்டில் இரண்டு பக்கமும் தட்டையாக வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். அதிகம் தளர்த்தினால் துணி நகராது.

முதல் தையல் நடுவில். குயில்ட்டின் இரு பக்கத்தையும் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி, நடுவை மட்டும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இடது பக்கத்தில் ஒரு நாற்காலியோ ஸ்டூலோ போட்டு அதன்மேல் பாரத்தைத் தாங்கவிடுங்கள். தரைக்குத் தொங்கினால் துணி ஊசியை இழுக்கும், தையல் ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் விழும். நடு நெடுக்குக் கோடும் நடுக் குறுக்குக் கோடும் முடிந்தபின், நடுவிலிருந்து வெளியே போங்கள். கையால் துணியைப் பின்னாலிருந்து இழுக்க வேண்டாம். இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்து, மெஷின் எடுக்கிற வேகத்துக்கு விடுங்கள். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள்.

தைத்து முடித்த பகுதியில் தற்காலிக நூலை நாலைந்து தையலுக்கு ஓரிடத்தில் வெட்டி, துண்டு துண்டாக உருவுங்கள். முழு நீளத்தையும் ஒரே இழுப்பில் இழுத்தால் மேல்துணியின் இழை இழுபடும். சுற்றிவரப் போட்ட கடைசி வரிசையை மட்டும் இப்போது எடுக்காதீர்கள். மிஞ்சிய வாடிங்கையும் அடித்துணியையும் மேல்துணியின் அளவுக்கு வெட்டி, விளிம்புப் பட்டியைத் தைக்கும்வரை அது இருக்கட்டும். பட்டி பிடித்தபின் அந்த நூல் பட்டிக்குள் மறைந்தால் எடுக்கவே தேவையில்லை, வெளியே தெரிகிற இடத்தில் மட்டும் உருவிவிடலாம்.